கதவுக்குக் கீழே மறைந்திருக்கும் விலை: முதல் பழைய ஸ்போர்ட்ஸ் காரும் துருவின் அறிவியலும்

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே உள்ள அபிங்டன் நகரத் தொழிற்சாலையிலிருந்து 1962ஆம் ஆண்டு தொடங்கி 1980ஆம் ஆண்டு வரை வெளிவந்த எம்ஜிபி என்னும் ஸ்போர்ட்ஸ் கார், பழைய கார் ஒன்றை முதன்முறையாகச் சொந்தமாக்கிக்கொள்ள விரும்புவோர் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இன்றளவும் நாடும் வண்டிகளுள் முன்வரிசையில் நிற்கிறது. கூரையில்லாத ரோட்ஸ்டர், 1965இல் வந்த கூரையுள்ள ஜிடி ஆகிய இரு வடிவங்களிலும் சேர்த்து 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் தயாரானதால் அது எட்டாக்கனியாகிவிடவில்லை. கணினி எதுவும் அதில் இல்லாததால் ஒவ்வொரு பாகத்தின் வேலையையும் கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும் விளங்கிக்கொள்ள முடிகிறது. உதிரிபாகங்களும் தாராளமாகக் கிடைக்கின்றன. இத்தனை அனுகூலங்கள் இருந்தும், முதல்முறை வாங்குவோர் பலரும் ஒரே இடத்தில் இடறிவிடுகிறார்கள். பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பார்க்கிறார்கள், பெயின்ட்டின் பளபளப்பைத் தடவிப் பார்க்கிறார்கள், பிறகு விலை பேசுகிறார்கள். காரின் உண்மையான விலையைத் தீர்மானிக்கும் பகுதியோ கதவுக்குக் கீழே, மூடிய தகடுகளுக்கு உள்ளே, எவர் கண்ணிலும் படாமல் கிடக்கிறது.

இதற்கு முன் வந்த எம்ஜிஏ காரில் சேசிஸ் தனி, உடல் தனி. கனமான எஃகுச் சட்டம் ஒன்று சுமை முழுவதையும் தாங்க, உடல் அதன்மேல் உட்கார்ந்திருந்தது. சிட் எனெவர் தலைமைப் பொறியாளராக இருந்து, டான் ஹேட்டர் உடலை வடிவமைத்த எம்ஜிபியில் அந்தச் சட்டம் கைவிடப்பட்டு, மெல்லிய எஃகுத் தகடுகளை வளைத்து ஸ்பாட் வெல்டிங்கால் ஒன்றோடொன்று பிணைத்து, உடலையே சட்டமாக்கும் முறை கையாளப்பட்டது. ஒற்றை ஓடு என்று பொருள்படும் மோனோகாக் என்ற பெயர் இந்த அமைப்புக்கு உரியது. சாதாரணக் காரில் கூரையும் அதைத் தாங்கும் தூண்களும் சேர்ந்து ஒரு கூண்டாகி உடலுக்கு விறைப்பைத் தருகின்றன. கூரையில்லாத ரோட்ஸ்டருக்கு அந்த உதவி கிடையாது. முன் சக்கரங்களையும் பின் சக்கரங்களையும் ஒரே தளத்தில் நிறுத்தி வைக்கும் பொறுப்பு, நடுவே கியர்பாக்ஸை மூடி ஓடும் சுரங்கம் போன்ற பகுதியின் மீதும், இரு கதவுகளின் அடியிலும் முன்பின்னாக நீளும் இரண்டு பெட்டிச் சட்டங்களின் மீதும் விழுகிறது. கதவடிச் சட்டம் என்று இங்கே குறிக்கப்படும் இந்தப் பெட்டிகள்தாம் காரின் முதுகெலும்பு.

ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிமனே உள்ள தகடு எப்படி ஒரு டன்னை நெருங்கும் காரைத் தாங்குகிறது என்ற கேள்விக்கு விடை, தகட்டின் தடிமனில் இல்லை, அது மூடிய வடிவமாக இருப்பதில் இருக்கிறது. முழு மூங்கிலைக் கையால் முறுக்க முடியாது. அதே மூங்கிலில் நெடுக ஒரு கீறல் விட்டுவிட்டால் அது எளிதில் திருகிக்கொள்ளும், பொருளில் எதுவும் குறையாதபோதும். ஒரு குழாயை முறுக்கும்போது எழும் விசை அதன் சுவரைச் சுற்றி வட்டமாக ஓடுகிறது. சுவரில் எங்காவது ஓரிடத்தில் தொடர்ச்சி அறுந்தாலும் அந்த ஓட்டம் முழுவதும் தடைப்பட்டுவிடுகிறது. 5 சென்டிமீட்டர் ஆரமும் 1 மில்லிமீட்டர் சுவரும் கொண்ட உருளைக் குழாயை நீளவாக்கில் ஒரே ஒரு கோடாக வெட்டிவிட்டால், முறுக்கை எதிர்க்கும் அதன் திறன் 7,500இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது என்று பொறியியல் கணக்கு காட்டுகிறது. காரின் கதவடிச் சட்டம் உருளையும் அன்று, துரு அதை நேர்கோடாக வெட்டுவதும் இல்லை; ஆனாலும் அடியோரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு அரித்துப்போன சட்டத்தைப் பார்த்து, முக்கால்வாசித் தகடு நன்றாகத்தானே இருக்கிறது என்று தேற்றிக்கொள்வது எவ்வளவு பெரிய பிழை என்பதை இந்தக் கணக்கு உணர்த்திவிடும்.

அந்த அரிப்பு ஏன் குறிப்பாக அந்தப் பெட்டிக்குள் நிகழ்கிறது என்பது தனியே பார்க்கத் தக்கது. துருப்பிடித்தல் ஒரு மின்வேதி நிகழ்ச்சி. ஈரம் படிந்த இரும்பின் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத சிறு மின்கலங்கள் எண்ணற்றவை உருவாகின்றன. கலத்தின் ஒரு முனையில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து அயனிகளாக நீரில் கரைகின்றன. விடுபட்ட எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியாகவே ஓடி மறுமுனையை அடைந்து, அங்கே ஆக்சிஜனும் நீரும் சேர்ந்து ஹைட்ராக்சைடாக மாற உதவுகின்றன. இவ்விரண்டின் விளைபொருள்களும் சந்தித்து, மேலும் ஆக்சிஜனைப் பெற்று, செம்பழுப்புத் துருவாகப் படிகின்றன. சுற்று முழுமையாக வேண்டுமானால் அயனிகள் நீரினூடே நகர வேண்டும். தூய நீரில் அது மெதுவாக நடக்கும். உப்பு கலந்த நீரில் தடையின்றி நடக்கும். சென்னையின் கடற்கரையோர வீடுகளில் ஜன்னல் கம்பிகள் கடலிலிருந்து தள்ளியுள்ள வீடுகளைவிட விரைவில் இற்றுப்போவது இதனால்தான். பிரிட்டனில் கடலோரம் என்ற வேறுபாடே தேவையில்லை; குளிர்காலத்தில் சாலைகளில் உறையும் பனியைக் கரைக்க உப்பைத் தூவுவது வழக்கமாதலால், சக்கரங்கள் வாரியிறைக்கும் உப்புநீர் ஆண்டுதோறும் காரின் அடிவயிற்றை நனைத்துக்கொண்டே இருக்கிறது.

இதைவிட நுட்பமான காரணம் ஒன்றும் உண்டு. இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வெல்டு செய்யப்பட்ட மடிப்பில் நீர் தந்துகிக் கவர்ச்சியால் உட்புகுந்துவிடுகிறது. உள்ளே புகுந்த நீர் வெளியே வருவதும் இல்லை, காய்வதும் இல்லை. மடிப்பின் வாயருகே ஆக்சிஜன் நிறைய இருக்கிறது, ஆழத்தில் அது சீக்கிரம் தீர்ந்துபோகிறது. ஆக்சிஜன் குறைந்த இடம்தான் எலக்ட்ரான்களை இழக்கும் முனையாக மாறும் என்பதால், காற்றோட்டமே இல்லாத, யாரும் பார்க்க முடியாத அந்த ஆழத்தில் இரும்பு கரைந்துகொண்டே போகிறது. துரு, தான் உண்ட இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்வதால், மடிப்பை உள்ளிருந்து நெம்பிப் பிளந்து, அடுத்த மழைக்கான வழியையும் தானே திறந்து வைக்கிறது. எம்ஜிபியின் கதவடிச் சட்டம் வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் இடையே செங்குத்தாக நிற்கும் ஒரு தடுப்புத்தகடு, அடியில் ஒரு தாங்குதகடு என்று பல அடுக்குகளால் ஆனது. இத்தனை தகடுகள் சந்திக்கும் இடத்தில் எத்தனை மடிப்புகள் இருக்கும் என்று எண்ணிப் பார்த்தாலே நோயின் இருப்பிடம் தெரிந்துவிடும். முன் மட்கார்டின் உட்புறத்தில் தேங்கும் சேறு, அடைபட்ட வடிகால் துளைகள், கதவுக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட கீழ்மூலை, பின்புற லீஃப் ஸ்பிரிங்குகள் உடலோடு இணையும் தாங்கிகள் ஆகியவை அடுத்தடுத்த இடங்கள். 1974 வரையான வண்டிகளில் இருக்கைகளுக்குப் பின்னே, தரைக்கு அடியில், இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் வைக்கப்பட்டிருந்தன. ஆசிட் சிந்திய பேட்டரிப் பெட்டிகள் உப்புக்குக் காத்திருக்கவும் இல்லை.

மூடிய பெட்டிக்குள் நடப்பதை வெளியிலிருந்து அறிவது எப்படி? காரே அதைச் சொல்கிறது. கதவடிச் சட்டம் வலுவிழந்தால் உடல் நடுவில் தொய்கிறது; நடு தொய்ந்தால் கதவு நிலையின் மேல்விளிம்புகள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்கின்றன; ஆகவே கதவின் பின்விளிம்புக்கும் உடலுக்கும் இடையிலான இடைவெளி கீழே அகன்றும் மேலே குறுகியும் தெரியும். மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் விரல் நுனி ஓடினால் நல்லது. பிறகு ஜாக்கியை அதற்குரிய இடத்தில் வைத்து ஒரு பக்கத்தை உயர்த்தி, கதவைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். தரையில் நிற்கும்போது ஒழுங்காக மூடிய கதவு இப்போது உராய்ந்தால், உடல் வளைகிறது என்று பொருள். ஜாக்கியின் தலை தகட்டுக்குள் நறநறவென்று இறங்கினால் மேற்கொண்டு விலை பேச வேண்டிய தேவையே இல்லை.

துணி சுற்றிய சிறு காந்தம் அடுத்த கருவி. பள்ளத்தைத் தகட்டால் நிரப்பாமல் பட்டியால் நிரப்பி, தேய்த்து, பெயின்ட் அடிப்பது டிங்கரிங் தொழிலில் எல்லா நாட்டிலும் உள்ள குறுக்குவழி. காந்தம் எஃகில் ஒட்டும், தடித்த பட்டியின்மேல் ஒட்டாது. ஆனால் இந்தச் சோதனையைச் செய்பவருக்கு ஒரு செய்தி தெரிந்திருக்க வேண்டும். 1960களின் எம்ஜிபிகளில் பானெட் அலுமினியத்தால் ஆனது. அதில் காந்தம் ஒட்டவில்லை என்று கண்டு வண்டியையே வேண்டாம் என்று ஒதுக்குபவர், பழுதற்ற ஒரு அசல் பாகத்தைக் குற்றம் என்று எண்ணி விட்டுவிடுகிறார். காந்தத்தால் கண்டுபிடிக்க முடியாத ஏமாற்று ஒன்றும் உண்டு: அரித்த கதவடிச் சட்டத்தை வெட்டி எடுக்காமல், அதன்மேல் புதிய வெளித்தகட்டை மட்டும் போர்த்தி வெல்டு செய்துவிடுவது. காந்தம் நன்றாக ஒட்டும், பெயின்ட் பளபளக்கும், உள்ளே சட்டம் பொடியாகக் கிடக்கும். முறையான பழுதுபார்ப்பில் முன் மட்கார்டின் கீழ்ப்பகுதியைக் கழற்றி, கதவு நிலையின் குறுக்கே தற்காலிகக் கம்பி ஒன்றைப் பற்றவைத்து உடல் வளையாமல் நிறுத்தி, அடுக்கடுக்காகத் தகடுகளை மாற்ற வேண்டும். அந்த வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் எடுத்த புகைப்படங்களை விற்பவர் காட்ட முடியுமானால், அவை எந்தப் பளபளப்பையும்விட மதிப்புள்ளவை. இங்கிலாந்தில் 40 ஆண்டு கடந்த, பெரிதும் மாற்றியமைக்கப்படாத வண்டிகளுக்கு ஆண்டுதோறும் நடக்கும் கட்டாயத் தகுதிச் சோதனையிலிருந்து 2018 மே மாதம் முதல் விலக்கு அளிக்கப்பட்டிருப்பதால், சோதிக்கும் கடமை இப்போது முழுவதுமாக வாங்குபவரின் தலையில் விழுந்திருக்கிறது.

1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் எம்ஜிபியின் முழு உடலையும் அசல் அச்சுகளைக் கொண்டே புதிதாக உருவாக்கித் தருகிறது. பழைய காரின் உடலைப் புதிதாகவே வாங்க முடியும் என்பது பெரும் வசதி. ஆனால் பழைய உடலிலிருந்து எல்லாவற்றையும் பிரித்துப் புதியதில் பூட்டி முடிக்கும்போது ஆகும் செலவு, பல சமயம் நல்ல நிலையில் உள்ள காரின் விலையைத் தாண்டிவிடும். எஞ்சின் கெட்டு உடல் நன்றாக உள்ள வண்டி, எஞ்சின் நன்றாக ஓடி உடல் இற்ற வண்டியைவிட மேலானது என்று அனுபவசாலிகள் அழுத்திச் சொல்வது இந்தக் காரணத்தால்தான்; முதல்முறை வாங்குபவர் இதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கலாம்.

எஞ்சினைப் பொறுத்தவரை தமிழ் வாசகர்களுக்கு ஒரு பழைய உறவு இருக்கிறது. எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் ‘பி சீரிஸ்’ என்று பெயரிட்ட குடும்பத்தைச் சேர்ந்தது; இந்தியச் சாலைகளில் பல பத்தாண்டுகள் ஓடிய அம்பாசடர் காரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் அதே குடும்பத்தில் பிறந்ததுதான். வேகத்துக்குப் பேர்போன எஞ்சின் அன்று, ஆனால் சகிப்புத்தன்மை மிக்கது. 1964 வரை கிராங்க் ஷாஃப்ட்டை மூன்று பேரிங்குகள் தாங்கின; அதன்பின் ஐந்தாகக் கூட்டப்பட்டதால் தண்டு வளைவது குறைந்து, எஞ்சின் உறுதி பெற்றது. டாஷ்போர்டில் உள்ள எண்ணெய் அழுத்தமானி இங்கே நம்பத்தகுந்த சாட்சி. பேரிங்குகளின் இடைவெளி தேய்மானத்தால் அகன்றால் எண்ணெய் எளிதில் நழுவி வெளியேறிவிடும், அழுத்தம் நிற்காது. நன்றாகச் சூடேறிய எஞ்சின், சாலையில் ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 50 முதல் 80 பவுண்டு வரையும், ஐட்லிங்கில் 10 முதல் 25 பவுண்டு வரையும் காட்ட வேண்டும். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் தேய்ந்த எஞ்சினும் முதல் சில நிமிடங்களுக்கு நல்ல அழுத்தத்தையே காட்டும். ஆகையால் அரைமணி நேரமாவது ஓட்டிய பிறகே மானியைப் படிக்க வேண்டும்.

பெட்ரோலில் வந்த மாற்றம் இந்த எஞ்சினுக்கு ஒரு சிக்கலை உண்டாக்கியது. முன்னாளில் பெட்ரோலில் கலக்கப்பட்ட ஈயச் சேர்மம், எஞ்சின் தட்டுவதைத் தடுத்ததோடு, புகைபோக்கி வால்வின் இருக்கையில் மெல்லிய படலமாகப் படிந்து ஒரு மெத்தை போலவும் இருந்தது. உடல்நலக் கேட்டின் காரணமாகப் பிரிட்டனில் 1999ஆம் ஆண்டு இறுதியோடு ஈயப் பெட்ரோலின் பொது விற்பனை நின்றது. அது மக்களுக்கு நன்மையே. ஆனால் மெத்தை போனதால், செந்தணலாகச் சூடேறும் வால்வு, வார்ப்பிரும்பு இருக்கையின்மேல் நொடிக்குப் பல முறை மோதும்போது, நுண்ணிய புள்ளிகளில் ஒட்டிப் பிய்ந்து, இருக்கையைச் சிறிது சிறிதாக அரித்து உள்ளே இறங்குகிறது. வால்வு இறங்க இறங்க, அதை இயக்கும் நெம்புகோலுக்கும் அதற்கும் இடையே விடப்பட்ட, அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு அளவுள்ள இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும். இடைவெளி முற்றும் அடைபட்டால் வால்வு மூடாமல் எரிந்துபோகும். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிக் கடினமான உலோக வளையங்களை இருக்கைகளாகப் பதித்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும். அந்த வேலை முடிந்திருக்கிறதா என்று கேட்பதும், முடியவில்லை என்றால் அதற்குரிய தொகையை விலையில் கழிப்பதும் வாங்குபவரின் உரிமை. பெட்ரோலில் எத்தனால் கலப்பது பெருகியுள்ள இக்காலத்தில், பழைய ரப்பர்க் குழாய்களை எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றிவிடுவது கட்டாயம். எரிபொருள் குழாயில் சிறு வெடிப்பு கண்டாலும் அந்தக் காரை ஓட்டிப் பார்க்கவே கூடாது.

பழைய எம்ஜிபியில் அருகே நின்று நெடுநேரம் பார்க்கத் தகுந்த பொருள் ஒன்று உண்டு என்றால், அது எஞ்சினின் பக்கவாட்டில் இரட்டையர் போல் நிற்கும் எஸ்யூ கார்புரேட்டர்கள். தலைகீழாகக் கவிழ்த்த கிண்ணம் போன்ற அலுமினிய மூடிக்குள் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் நகர்கிறது. அதன் அடியிலிருந்து ஊசி ஒன்று தொங்கி, பெட்ரோல் வரும் சிறு துளைக்குள் இறங்கியிருக்கிறது. எஞ்சின் அதிகக் காற்றை இழுக்கும்போது பிஸ்டன் உறிஞ்சலால் உயர்கிறது. உயரும்போது காற்றுக்கு வழி அகல்கிறது, அதே அசைவில் ஊசியின் மெல்லிய பகுதி துளைக்குள் வருவதால் பெட்ரோலுக்கும் வழி அகல்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதத்தையொட்டி, இந்நாளில் கணினி செய்யும் கணக்கை, அந்த ஊசியின் சரிவு தன் உடம்பிலேயே செதுக்கி வைத்திருக்கிறது. மூடியின் உச்சியில் உள்ள திருகைத் திறந்தால் உள்ளே மெல்லிய எண்ணெய் இருக்கும். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று அழுத்தும்போது பிஸ்டன் துள்ளி எழாமல் தாமதப்படுத்தி, அந்தக் கணத்தில் கலவையைச் சற்றுச் செழுமையாக்குவது அதன் பணி. எஞ்சின் ஐட்லிங்கில் இருக்க, பிஸ்டனைச் சிறு முள்ளால் நெல்மணித் தடிமனுக்கும் குறைவாகத் தூக்கினால் கார்புரேட்டரே தன் நிலையைச் சொல்லும்: வேகம் கூடிக் கூடியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம், எஞ்சின் திணறி நின்றுபோனால் பெட்ரோல் குறைவு, ஒரு கணம் கூடிப் பின் பழைய நிலைக்கு வந்தால் சரியான அளவு. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பிஸ்டனை முழுவதும் தூக்கி விட்டால் அது ‘டக்’கென்ற ஓசையுடன் அடியில் அமர வேண்டும், ஓசை வராவிட்டால் எங்கோ உரசுகிறது.

மின்சாரப் பகுதியில் இந்தக் காருக்கு இருக்கும் கெட்ட பெயர் மிகைப்படுத்தப்பட்டது. விளக்குகள் மங்குவதற்கும் ஹார்ன் கம்முவதற்கும் பெரும்பாலான வேளைகளில் காரணம், உடலோடு இணையும் எர்த் முனைகளில் படிந்த துருவும் கம்பி இணைப்புகளில் பூத்த பச்சையும்தான். சுரண்டிச் சுத்தம் செய்தாலே பாதிக் குறை தீரும். 1967 வரையான வண்டிகளில் பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது, பின்னரே எதிர்முனைக்கு மாறியது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. வழக்கம் என்று எண்ணித் தலைமாற்றி இணைத்தால் புதிதாகப் பொருத்திய ரேடியோ அங்கேயே கருகும்.

அதிகம் ஓடாத கார் என்ற சொல்லுக்கு விற்பனையில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. வேதியியல் அந்தக் கவர்ச்சிக்கு எதிராகப் பேசுகிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சும்; டாட் 4 தர எண்ணெயின் கொதிநிலை புதியதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸாக இருக்க வேண்டும், ஈரம் ஏறிய நிலையில் அதற்குரிய வரம்பு 155 டிகிரிதான். மலைச்சாலை இறக்கத்தில் சூடேறும் பிரேக்கில் அந்த நீர் ஆவியானால், பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பட்டன் தேயாமல் புதிதுபோல் தோன்றும் டயர், பத்தாண்டு கடந்து ரப்பர் இறுகிவிட்டால் ஈரச்சாலையில் பிடிக்காது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. கொட்டகையிலிருந்து எடுத்து ஐந்து நிமிடம் ஓட்டி மீண்டும் நிறுத்தப்படும் காரில் அந்த ஆவி வெளியேறாமல் சைலன்சருக்குள்ளும் எஞ்சின் எண்ணெய்க்குள்ளும் குளிர்ந்து தங்கிவிடுகிறது. ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் ஒழுங்காக ஓடி, ரசீதுகளோடு வரும் கார், பத்தாண்டு போர்வைக்குள் உறங்கிய காரைவிட நம்பிக்கைக்குரியது.

எந்த ஆண்டு வண்டியை வாங்குவது என்ற கேள்வியில் அழகுணர்ச்சியும் கலந்திருக்கிறது. அமெரிக்க விதிகளுக்கு இணங்க 1974இன் பிற்பகுதியில் குரோமிய பம்பர்கள் போய், பெரிய கறுப்பு ரப்பர் பம்பர்கள் வந்தன. விளக்குகளின் உயரத்துக்காகக் காரும் சற்றே உயர்த்தப்பட்டது. ஈர்ப்பு மையம் உயர்ந்ததோடு, பக்கச் சாய்வைத் தடுக்கும் முன் கம்பியும் முதலில் நீக்கப்பட்டதால், திருப்பங்களில் கார் சாய்ந்து சங்கடப்படுத்தியது. 1976இன் பிற்பகுதியிலிருந்து முன்னும் பின்னும் கம்பிகள் பொருத்தப்பட்டபின் அந்தக் குறை பெரிதும் நீங்கியது. குரோமிய பம்பர் வண்டிகளையே பலரும் விரும்புவதால் பிந்தைய வண்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஒரே தொகைக்கு அரித்த குரோமிய வண்டியும் உறுதியான 1978 வண்டியும் கிடைக்குமானால், முதல் காராக இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பவருக்கு வருந்த நேராது.

வாங்கியபின் செய்ய வேண்டிய முதல் வேலையும் கதவடிச் சட்டத்தில்தான் தொடங்குகிறது. வெயில் நன்றாகக் காயும் கோடைநாள் ஒன்றில், உள்ளே ஈரம் முழுதும் உலர்ந்தபின், அடியிலுள்ள வடிகால் துளைகளை மெல்லிய கம்பியால் குத்திச் சேற்றை வெளியேற்ற வேண்டும். பிறகு நீண்ட குழாய் பூட்டிய தெளிப்பானால் இளகிய துருத்தடுப்பு மெழுகைச் சட்டத்தின் இரு அறைகளிலும், தடுப்புத்தகட்டின் இரு பக்கமும் படும்படி செலுத்த வேண்டும். தந்துகிக் கவர்ச்சியால் நீர் புகுந்த அதே மடிப்புகளுக்குள் இப்போது மெழுகு ஊர்ந்து செல்லும். காரின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தால், சற்று நேரத்தில் வெல்டிங் மடிப்புகளின் விளிம்பில் பழுப்பு நிறத் துளிகள் வரிசையாகக் கசிந்து நிற்பதைக் காணலாம். அவை சொட்டி முடிந்ததும் வடிகால் துளைகள் மெழுகால் அடைபடாமல் திறந்திருக்கின்றனவா என்று அதே கம்பியால் மறுபடியும் ஒருமுறை குத்திப் பார்க்க வேண்டும்.